1965 வரை வந்த பாட்டெல்லாம் இனி பொதுச்சொத்தா? ரெக்கார்டுகளை டெலிகிராமில் பகிர்வது பற்றி

#1 | சுழல்தட்டு

புத்தாண்டிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "60 வருடம் முடிந்துவிட்டது, 2026 ஜனவரி 1 முதல் 1965 வரை வெளியான எல்லாப் படப்பாடல்களுக்கும் காப்புரிமை இல்லை, யாரும் பதிவேற்றலாம்." 'திருவிளையாடல்', 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டையும் உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள்.

என் கையில் இருப்பவை: நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகள் (பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், கொஞ்சம் தியாகராஜ பாகவதர் காலப் படப்பாட்டு), 45 சுழற்சி ஈ.பி.க்கள், எழுபதுகள் வரையிலான எல்.பி.க்கள். எல்லாவற்றையும் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத வடிவம்) கோப்பாக்கி ஒரு டெலிகிராம் சேனலில் போடலாம் என்று நினைக்கிறேன். சந்தா கிடையாது, விளம்பரம் கிடையாது.

மூன்று கேள்விகள். அந்தச் செய்தி சரியா? காசு வாங்காமல் கொடுத்தால் சட்டச் சிக்கல் இல்லையா? சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் இப்படிப் பகிர்வது நியாயமா?

#2 | பிரிவு_பதினான்கு

முதல் கேள்விக்குப் பதில்: கால்பங்கு சரி. அந்தக் கால்பங்கை வைத்துக்கொண்டு சேனல் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. தட்டில் பதிந்திருக்கும் ஒலி மூன்றாவது படைப்பு. மூன்றுக்கும் தனித்தனி உரிமை, தனித்தனிக் காலக்கெடு.

ஒலிப்பதிவுக்கு 27-ஆம் பிரிவு. முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-இல் தொடங்கி 60 ஆண்டு. 1965-இல் வெளியான பதிவுக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிகிறது. வாட்ஸப் செய்தி சொல்வது இதை மட்டும்தான்.

வரிக்கும் மெட்டுக்கும் 22-ஆம் பிரிவு. படைத்தவர் ஆயுள் முழுக்க, அவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் இன்னும் 60 ஆண்டு. படம் எந்த வருடம் வந்தது என்பது இங்கே கணக்கிலேயே வராது.

'திருவிளையாடல்' பாட்டுகளில் கண்ணதாசன் எழுதியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறைந்தது 1981. வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. கே.வி. மகாதேவன் 2001-இல் மறைந்தார். மெட்டுக்கு 2061 முடியும் வரை. 'ஆயிரத்தில் ஒருவன்' இன்னும் நீளும். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து போட்ட மெட்டு என்பதால் கடைசியாக மறைந்தவரிலிருந்து எண்ண வேண்டும். எம்.எஸ்.வி. மறைந்தது 2015, ஆக 2075 வரை. அதில் வாலி எழுதிய பாட்டுக்கு வரிகளின் கெடு 2073.

ஒலிப்பதிவின் உரிமை முடிந்தால் உள்ளே இருக்கும் வரியும் மெட்டும் சேர்ந்து விடுபட்டுவிடாதா என்று கேட்பார்கள். விடுபடாது. 13(4) அதற்காகவே இருக்கிறது: ஒலிப்பதிவில் இருக்கும் உரிமை, அதற்கு ஆதாரமான படைப்பின் தனி உரிமையைப் பாதிக்காது. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் எஃப்.எம். வானொலிகள் வழக்கில் இதே திசையில்தான் தீர்ப்பளித்தது. ஒலிப்பதிவை ஒலிபரப்பும் ஒவ்வொரு முறையும் வரி, மெட்டு இரண்டுக்கும், அவற்றைப் படைத்தவர்களுக்காக வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்புக்குத் தனியாக ராயல்டி உண்டு என்றது.

#3 | நெல்லை_கிராமபோன்

அப்படியானால் 'ஹரிதாஸ்' 1944 தட்டு? எண்பது வருடம் தாண்டிவிட்டதே, அதற்குமா?

#4 | பிரிவு_பதினான்கு

அதற்கும்தான். ஒலிப்பதிவு விடுபட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆனால் அதன் பாட்டுகளை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973 அக்டோபர். அவர் எழுதியதும் மெட்டமைத்ததும் 2033 முடியும் வரை உரிமையுள்ளவை. இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் 1963-இல் மறைந்ததால் அவர் தனியாக மெட்டமைத்தவை 2024 ஜனவரி 1-இல் விடுபட்டுவிட்டன. வரிகள் யாருடையவை என்று தனியாகப் பாருங்கள்.

மறுபக்க உதாரணம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959-இல் மறைந்தவர், வரிகள் 2020 ஜனவரி 1 முதல் யாருக்கும் சொந்தமில்லை. (1993-இல் அவர் படைப்புகள் நாட்டுடைமையானதை இங்கே சொல்வார்கள். படத்துக்காக எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத்திடம் இல்லாத உரிமை நாட்டுடைமையால் வந்துவிடாது. இப்போது காலக்கெடுவே முடிந்துவிட்டதால் அந்தச் சண்டைக்கு வேலையில்லை.) ஆனால் அவருடைய வரிகளுக்கு எம்.எஸ்.வி.யோ கே.வி.எம்.மோ போட்ட மெட்டு இன்னும் உரிமையுள்ளதுதான்.

பாரதி பாட்டும் அப்படியே. வரிகள் எல்லோருக்கும் பொது. 1947 'நாம் இருவர்' படத்தின் ஒலிப்பதிவும் விடுபட்டது. மெட்டுக்கு ஆர். சுதர்சனம் மறைந்த ஆண்டிலிருந்து தனிக்கணக்கு.

இன்னொன்று. 1992 வரை இந்த 60 ஆண்டு 50-ஆகத்தான் இருந்தது. தாகூர் 1941-இல் மறைந்தவர். அவர் படைப்புகளின் உரிமை 1991-உடன் முடிய இருந்த நேரத்தில் பத்தாண்டு கூட்டினார்கள். பழைய கட்டுரைகளில் 50 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

#5 | வடமராட்சி_வானொலி

இந்தக் கணக்கு இந்தியாவுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. டெலிகிராம் சேனலை இந்தியாவில் மட்டுமா கேட்கப்போகினம்?

இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படைத்தவருக்கு ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும். ஒலிப்பதிவுத் தயாரிப்பாளருக்கு 50. அதாவது கண்ணதாசன் வரிகள் இந்தியாவில் 2041 வரை, எங்கள் சட்டத்தில் 70 என்பதால் நேரே எண்ணினால் 2051 வரை. சிங்கப்பூரிலும் படைப்புக்கு ஆயுளும் 70-உம்தான். மலேசியாவில் ஆயுளும் 50-உம்.

பெரிய சிக்கல் அமெரிக்கா, ஏனென்றால் கோப்பு கிடக்கிற சர்வர் அநேகமாக அங்கேதான். அங்கே 1972-க்கு முந்திய ஒலிப்பதிவுகளுக்கு 2018-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1957-இலிருந்து 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரையான பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு. வெளிநாட்டுப் பதிவுக்குக் கணக்கு சற்று மாறலாம், ஆனால் இந்தியாவில் விடுபட்டது என்பதால் அங்கேயும் விடுபட்டது என்று நினைக்கக் கூடாது. 78 சுழற்சித் தட்டுகளை இணையத்தில் ஏற்றிய இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது 2023 ஆகஸ்டில் பெரிய இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டதும், பின்னர் அது சமரசத்தில் முடிந்ததும் இந்தக் காலத் தட்டுகளை வைத்துத்தான். இலாப நோக்கில்லாத ஆவணக் காப்பகம் என்ற பெயர் அந்த வழக்கு வராமல் தடுக்கவில்லை.

#6 | பிரிவு_பதினான்கு

இரண்டாவது கேள்விக்கு இது நல்ல முன்னுரை.

காசு வாங்காததால் குற்றம் இல்லாமல் போகாது. 14-ஆம் பிரிவு உரிமையாளருக்கு மட்டும் கொடுத்திருக்கும் உரிமைகளில் ஒன்று பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பது. விலை என்ற சொல்லே அதில் கிடையாது. 2(எஃப்எஃப்) விளக்கப்படி யாராவது கேட்டார்களா என்பதுகூட முக்கியமில்லை, கேட்கும்படி வைத்தாலே போதும்.

தண்டனை 63-ஆம் பிரிவில்: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால் தகுந்த காரணத்தை எழுதி, நீதிமன்றம் அந்தக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கலாம். காசு வாங்காததால் உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சலுகை மட்டுமே. அதுவும் தீர்ப்பு நாளில்தான் உதவும், புகார் வரும் நாளில் அல்ல. 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 63-ஐ பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையில்லாத குற்றம் என்று சொல்லிவிட்டது.

"டெலிகிராமில் என் நம்பர் யாருக்கும் தெரியாது" என்று நினைப்பவர்களுக்கு: 2022 ஆகஸ்ட் 30-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம், பயிற்சி வகுப்புப் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைக் கொடுக்கச் சொல்லி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை.

சொந்த உபயோகம் வேறு. நீங்கள் வாங்கிய தட்டை உங்கள் போனில் கேட்பதற்காகக் கோப்பாக்குவது 52(1)(ஏ) சொல்லும் தனிப்பட்ட பயன்பாட்டில் வரும். வீட்டில் இருப்பவருக்கு ஒரு பாட்டை அனுப்பியதற்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழு வீடு ஆகாது.

#7 | ஊசிமுனை

சட்டம் சரி. மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்ட காலம், கொலம்பியா, எச்.எம்.வி., ப்ராட்காஸ்ட் என்று ஏகப்பட்ட லேபிள்கள். அந்த 78-களில் எவ்வளவு மறுபடி வெளிவந்தது? கேசட்டிலும் சி.டி.யிலும் வந்தது ஹிட்டான பாட்டு மட்டும். நாடகத் தட்டு, நகைச்சுவைத் தட்டு, நாகஸ்வரம், இடைவேளைப் பாட்டு, ஓடாத படத்தின் பாட்டு இதெல்லாம் இன்று சேகரிப்பாளர் வீட்டு அலமாரியில் மட்டும்தான் இருக்கிறது. அரக்கு உடைந்தால் அதோடு போச்சு. பல லேபிள்களின் உரிமை இன்று யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2033 வரை பொறுத்திருங்கள் என்று சட்டம் சொல்லலாம், தட்டு பொறுத்திருக்காது.

விற்பனையில் இல்லாத, உரிமையாளரே மறந்துபோன பதிவைப் பகிர்வதால் யாருடைய பை குறைகிறது? அதை அழியவிடுவதுதான் அந்தக் கலைஞனுக்குச் செய்யும் அநியாயம்.

#8 | தாளக்கட்டு

ஊசிமுனை சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் "யாருடைய பை" என்ற கேள்விக்கு இப்போது பதில் மாறிவிட்டது.

2012 வரை பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளரிடம் மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்பெனிக்குத்தானே நஷ்டம் என்று அன்று சொன்னதில் ஓரளவு பொருள் இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சமபங்கை எழுதியவரும் மெட்டமைத்தவரும் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுத்தால் செல்லாது. ஐ.பி.ஆர்.எஸ். 2017 நவம்பரில் மறுபடி பதிவுபெற்ற பிறகு அந்தப் பணம் பட்டுவாடா ஆகிறது. ஒரு கவிஞரின் பிள்ளைகளுக்கு வரும் தொகை சின்னதாக இருக்கலாம். சின்னது என்பதற்காக அதை நாம் முடிவுசெய்து எடுத்துக்கொள்ள முடியுமா?

உண்மையில் விட்டுப்போனவர்கள் வாத்தியக்காரர்கள். வயலின், தபலா, வீணை, கோரஸ் எல்லோரும் ஒரு கால்ஷீட் சம்பளத்தோடு முடிந்தவர்கள். தட்டின் லேபிளில் அவர்கள் பெயரே கிடையாது. பகிர்பவர்கள் இந்த ஒரு விஷயத்திலாவது அக்கறை காட்டலாம். ரெக்கார்டிங்கில் வாசித்தது யார் என்று தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பத்தாயிரம் கோப்பு ஏற்றுபவர்கள் நிறைய. பத்து பாட்டுக்கு வாத்தியக்காரர் பெயர் கேட்டு எழுதிவைப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

#9 | ஊசிமுனை

தாளக்கட்டு, விற்பனையில் இருக்கும் பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் பாட்டை 320 கேபிபிஎஸ் (உயர்தர எம்பி3) என்று சேனலில் போடுபவர்கள் மேல் எனக்கும் மரியாதை இல்லை. அதில் பாதி 320-உம் கிடையாது. ஸ்பெக்ட்ரம் (ஒலியின் அதிர்வெண் வரைபடம்) பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினதுபோல் நிற்கும். 128-ஐ எடுத்து மறுபடி 320 ஆக்கியது. அதையே நாலு பேர் எடுத்து ஃப்ளாக் என்று வேறு பெயரில் போடுகிறார்கள். பத்து வருடம் கழித்து எது அசல் என்றே தெரியாது.

நான் பேசுவது எங்கும் கிடைக்காதவை பற்றி மட்டும்.

#10 | தாளக்கட்டு

அப்படியானால் நம் இருவருக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பது தெளிவு. "எங்கும் கிடைக்கவில்லை" என்பதை யார் சோதிப்பது, எப்படி என்பதுதான் மிச்சம். யூடியூபில் லேபிளின் சேனல், இரண்டு மூன்று ஸ்ட்ரீமிங் செயலி, பழைய சி.டி. பட்டியல் இவற்றில் பாட்டின் முதல் வரியை நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது 'ழ'வுக்கே மூன்று வகை போடுகிறார்கள். ஒரே தேடலில் வரவில்லை என்று "அரிய பாட்டு" முத்திரை குத்துவதை இந்த மன்றத்திலேயே பார்க்கிறேன்.

#11 | பிரிவு_பதினான்கு

உரிமையாளர் யாரென்றே தெரியாத படைப்புக்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு: 31ஏ. படைத்தவர் இறந்துவிட்டார், தெரியவில்லை, தேடியும் கிடைக்கவில்லை, உரிமை யாரிடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். முதலில் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். விண்ணப்பம், கட்டணம், பிறகு நிர்ணயிக்கும் ராயல்டியைக் கணக்கில் கட்டி வைத்தல். 2021-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்துவிட்டதால் இப்போது வணிக நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவுக்கோ போக வேண்டும். ஒரு 78 தட்டுக்காக யாரும் இதைச் செய்யமாட்டார்கள். செலவு தாங்காது. நூறு தட்டைச் சேர்த்து ஓர் அமைப்பு செய்யலாம்.

இன்னொரு வாசல் 52(1)(என்). இலாப நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் இருக்கும் டிஜிட்டல் அல்லாத பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். தனிநபருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் சுழல்தட்டு போன்றவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்களில் பேசிப் பார்ப்பது நல்லது. தட்டு பத்திரமாகும், கோப்பாக்குவதும் சட்டத்துக்குள் வரும்.

#12 | அரக்கும்_வினைலும்

பகிர்வதா வேண்டாமா என்று முடிவாகும்வரை கோப்பாக்குவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சுழல்தட்டுக்குச் சொல்வேன். அதைச் சரியாகச் செய்யுங்கள், ஏனென்றால் மறுபடி ஒரு தடவை வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

78 தட்டைச் சாராயம் கலந்த கிளீனரால் துடைக்கவே கூடாது. வினைலுக்கு விற்கும் திரவங்களில் ஐசோபுரோபில் ஆல்கஹால் இருக்கும். அரக்கு அதில் கரையும், துடைத்த இடம் மங்கி, பள்ளம் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது.

ஊசி: எல்.பி.க்கு 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் அழுக்கில் உரசி ஓடும், இரைச்சல்தான் பாட்டைவிட அதிகம் கேட்கும். 78-க்குச் சுமார் 3 மில் ஊசி தனியாக வாங்குங்கள். தட்டு தேய்ந்திருந்தால் அதைவிடச் சற்றுக் குறைந்த, கூடிய அளவுகளில் வைத்துப் பாருங்கள். தேயாத பாகத்தில் ஊசி உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

மோனோ தட்டுதானே என்று மோனோவில் பதியாதீர்கள். ஸ்டீரியோவில் எடுத்தால் பள்ளத்தின் இரண்டு சுவரும் தனித்தனியே வரும், எது சுத்தமோ அதைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். மூன்றரை நிமிடப் பக்கம் ஒன்றுக்கு வேவ் கோப்பு சுமார் 120 எம்.பி., ஃப்ளாக் ஆக்கினால் குறையும். தட்டில் பதியும்போது மாற்றிய தாழ், உயர் ஒலிகளின் அளவைக் கேட்கும்போது திருப்பிச் சரிசெய்வதற்கான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு ஐம்பதுகளின் நடுவில்தான் பொதுவானது. அதற்கு முந்தைய தட்டுகளை அந்த வளைவில் ஓட்டினால் குரல் மந்தமாகும் அல்லது கீச்சென்று வரும். எந்த வளைவும் போடாமல் தட்டையாக எடுத்து மூலப்பிரதியாக வையுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில்.

லேபிளின் இரு பக்கப் படம், தட்டு எண், நடுவில் பள்ளம் முடியும் இடத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், பாடியவர், எழுதியவர், மெட்டு எல்லாம் கோப்போடு இருக்கட்டும். பிரிவு_பதினான்கு சொன்ன மூன்று கணக்கையும் போட இந்தத் தகவல்தான் வேண்டும். வெளியான ஆண்டைக் கண்டுபிடிக்க மேட்ரிக்ஸ் எண்ணைவிட நல்ல தடயம் இல்லை.

#13 | பொன்னேரி_ரசிகை

யூடியூபில் போட்டால் கம்பெனியே விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்கிறதே, அது எல்லோருக்கும் நல்லதில்லையா?

#14 | தாளக்கட்டு

உரிமையுள்ள படப்பாட்டுக்கு நடைமுறையில் இருப்பதிலேயே குறைந்த சேதம் அதுதான், அக்கா. யூடியூபின் தானியங்கிக் கருவியான கன்டென்ட் ஐடி பாட்டை அடையாளம் கண்டதும் உரிமை கோருபவர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: வருமானத்தை எடுத்துக்கொண்டு விட்டுவைப்பது, தடுப்பது, சும்மா கண்காணிப்பது. இந்தக் கோரல் வேறு, ஸ்ட்ரைக் (சேனல் மீது விழும் எச்சரிக்கை) வேறு. கோரலால் சேனலுக்குக் கெடுதல் இல்லை. நீக்கச் சொல்லி முறைப்படி மனு வந்தால்தான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் ஆனால் சேனல் போய்விடும். ஆனால் உரிமையாளர் இன்று விட்டுவைத்தது அனுமதி ஆகாது. நாளை மனதை மாற்றிக்கொள்ளலாம்.

கர்நாடக இசையில் தலைகீழ்த் தொல்லை. தியாகராஜர் கீர்த்தனையை யாரோ இன்று பாடிப் பதிவேற்றினால், வேறு வித்வானின் ஆல்பத்தோடு மெட்டு ஒத்துப்போகிறது என்று கோரல் விழும். ஆட்சேபிக்கத் தயங்க வேண்டாம். காரணமாகப் பொதுக்களம் என்பதைத் தேர்ந்தெடுத்து, இயற்றியவர் 1847-இல் மறைந்தார், இது எங்கள் சொந்தப் பதிவு, பாடியவர் அனுமதி உண்டு என்று மூன்று வரி எழுதினால் போதும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கோரல் தானாக விலகும். பெரிய கம்பெனி பெயர் பார்த்துப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள்.

#15 | பொன்னேரி_ரசிகை

கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவதற்கும் லைசென்ஸ் கேட்டு வருகிறார்களே?

#16 | பிரிவு_பதினான்கு

கல்யாணத்துக்கு வேண்டாம். 52(1)(இசட்ஏ) ஊர்வலத்தையும் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களையும் வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் பொது அறிவிப்பாக நினைவூட்டியது. ஆனால் அதே கல்யாணத்தை யூடியூபில் நேரலை விட்டால் இந்த விலக்கு கூடவே வராது. மேளம் முடிந்து சினிமாப் பாட்டு ஓடும் இடத்தில் ஒலி அறுந்துபோவது அதனால்தான்.

#17 | மட்டுறுத்துநர்

இளையராஜாவுக்கும் எக்கோ இசை நிறுவனத்துக்கும் இடையிலான வழக்குகளைப் பற்றி வந்த நான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அது ஒப்பந்தம் பற்றிய தகராறு, இங்கே கேட்ட கேள்விக்கு விடை அதில் இல்லை. பதிவிறக்க இணைப்புகள் இரண்டு நீக்கப்பட்டன.

#18 | தனியிசை

எல்லோரும் பழைய கம்பெனிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்று சொந்தக் காசில் பாட்டு வெளியிடுகிறவர்கள் பாட்டும் இதே சேனல்களில்தான் அன்று மாலையே வருகிறது. அவர்களுக்கு வக்கீல் கிடையாது. நோட்டீஸ் அனுப்பத் தெரியாததால் விட்டுவிடுபவர்களுக்காக நடைமுறையை யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

#19 | பிரிவு_பதினான்கு

52(1)(சி)-யும் 2013 விதிகளில் 75-ஆம் விதியும். கோப்பை வைத்திருக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: பாட்டை அடையாளம் காட்டும் விவரம், உரிமை உங்களுடையது என்பதற்கு ஆதாரம், திருட்டுப் பிரதி என்பதற்கான விளக்கம், அது இருக்கும் சரியான முகவரி, ஏற்றியவர் தெரிந்தால் அவர் விவரம், 21 நாளுக்குள் தகுதியுள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உத்தரவைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழி. தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.

பெரும்பாலோர் சறுக்குவது முகவரியில். "உங்கள் தளத்தில் என் பாட்டெல்லாம் இருக்கிறது" என்று பொதுவாக எழுதினால் எடுக்கமாட்டார்கள். 2016 டிசம்பரில் மைஸ்பேஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், எந்தப் படைப்பு எங்கே இருக்கிறது என்று குறிப்பாகத் தெரிந்தால்தான் தளத்துக்குப் பொறுப்பு என்றது. சேனல் பெயர் போதாது. ஒவ்வொரு பதிவின் இணைப்பையும் ஒவ்வொரு வரியில் கொடுங்கள், தேதியோடு திரைப்பிடிப்பும் எடுத்து வையுங்கள்.

மொத்தமாகத் தளத்தையே முடக்கச் சொல்வதும் நிற்பதில்லை. 2012-இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தடையை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே அடைத்தன. ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டும்தான் என்று தெளிவுபடுத்த வேண்டி வந்தது.

#20 | சுழல்தட்டு

மிகவும் நன்றி. இப்படிப் பிரித்துக்கொள்கிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள்.

எழுபதுகள் எல்.பி.: வீட்டோடு. பகிர்வதில்லை, சட்டபூர்வமாகக் கிடைக்கும் இடத்தின் இணைப்பு மட்டும்.

1965 வரையிலான படப்பாட்டு: முழுக் கோப்பு கிடையாது. லேபிள் படம், விவரம், 30 வினாடித் துண்டு.

78 கர்நாடகத் தட்டுகள், 1965 வரை: முழுமையாகப் பகிர்கிறேன். மும்மூர்த்திகள், திருப்பாவை, பழைய தமிழ்ப் பதங்கள்.

#21 | தாளக்கட்டு

30 வினாடி வரை இலவசம் என்று எங்கள் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை. விமர்சனம், திறனாய்வுக்காக நியாயமான அளவு எடுத்தாளலாம் என்றுதான் இருக்கிறது. துண்டு மட்டும் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்த இடத்தில் ராகம் எப்படி வருகிறது, பாடகர் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதுவதற்குத் துணையாகத் துண்டு இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்தச் சேனலை நானே முதலில் படிப்பேன்.

#22 | ஊசிமுனை

மறுபதிவுகளைக் கவனியுங்கள். எண்பதுகளில் பழைய பாட்டை ஸ்டீரியோவில் புதிதாகப் பாடவைத்து வெளியிட்ட கேசட்டும் தட்டும் உண்டு. உறையில் 1958 படத்தின் பெயர் இருக்கும், ஒலிப்பதிவு 1980-களைச் சேர்ந்தது. எண்ணவேண்டியது அந்த ஆண்டிலிருந்து.

#23 | பிரிவு_பதினான்கு

மூன்றாவது பட்டியலில் மட்டும் ஒரு திருத்தம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி, கோபாலகிருஷ்ண பாரதி கவலையில்லை. முத்தையா பாகவதர் மறைந்தது 1945, மைசூர் வாசுதேவாச்சார் மறைந்தது 1961, இருவர் கிருதிகளும் விடுபட்டுவிட்டன. பாபநாசம் சிவன் கிருதிகளை எடுத்துவிடுங்கள், 2034 ஜனவரி வரை. திருப்பாவையை அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். வரி ஆண்டாளுடையது, இன்று கச்சேரிகளில் கேட்கும் மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தது. அவர் மறைந்தது 1967 ஜனவரி. 2028 ஜனவரி 1-க்குப் பிறகு போடுங்கள். தட்டின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பக்கம் தியாகராஜர், மறுபக்கம் சிவன் பாட்டு என்று வந்த 78-கள் இருக்கின்றன.